மீண்டும் திறந்த அங்காடி

ஒரு நாட்டின் வளத்தை அறிய விரும்புவோர் அதன் மாளிகைகளையும் கோபுரங்களையும் கண்டு அமைவதில்லை. அதன் கடைத்தெருவையும் சென்று காண்பர். கழனியில் விளைந்ததும், கடலில் எடுத்ததும், தறியில் நெய்ததும், உலையில் வார்த்ததும் ஆகிய எல்லாப் பொருள்களும் ஒருங்கே வந்து சேரும் இடம் அதுவே. விளைவிப்போனும் உண்போனும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டறியார். அவ்விருவரையும் இணைக்கும் பாலமாக விளங்குபவன் வணிகன்.

பண்டைத் தமிழர் இவ்வுண்மையை நன்கு உணர்ந்திருந்தனர். புகார் நகரில் மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடையே அமைந்திருந்த நாளங்காடியைச் சிலப்பதிகாரம் நமக்குக் காட்டுகின்றது. மதுரை மாநகரில் பகலில் கூடிய நாளங்காடியையும், இரவில் நடந்த அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி விரித்துரைக்கின்றது. ஓர் அங்காடி ஓயும் வேளையில் மற்றோர் அங்காடி தொடங்கிற்று என்றால், அந்நகரின் வாணிகம் உறக்கம் அறியாதது என்பது சொல்லாமலே விளங்கும்.

இவ்வாறு இரவு பகலாக இயங்கும் அங்காடி ஒருநாள் திடீரென அடைபட்டால் என்ன ஆகும்? அடைபட்ட அதனை மீண்டும் திறப்பது எங்ஙனம்? இவ்வினாக்களுக்கு 2020ஆம் ஆண்டில் உலகமே விடை தேட வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டின் தலைநகராகிய சென்னையில் உள்ள கோயம்பேடு அங்காடியின் வரலாறு அவ்விடைகளுள் ஒன்று. கடைக்குப் பூட்டிடுதல் ஒரு நொடியில் முடியும் செயல். அப்பூட்டைத் தக்க காலத்தில் தக்க முறையில் திறத்தலோ பெரிதும் சிந்தித்துச் செய்ய வேண்டிய செயல் என்பதனை அவ்வரலாறு நன்கு உணர்த்துகின்றது.

சென்னை நகரின் காய்கனி வாணிகம் நெடுங்காலம் ஜார்ஜ் டவுன் பகுதியிலுள்ள கொத்தவால் சாவடியில் நடந்து வந்தது. நகரம் பெருகப் பெருக அங்குள்ள குறுகிய தெருக்கள் லாரிகளையும் வண்டிகளையும் மக்களையும் தாங்கமாட்டாமல் திணறின. எனவே நகரின் மேற்கே கோயம்பேட்டில் புதிய அங்காடி வளாகம் ஒன்று எழுப்பப்பட்டது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தால் அமைக்கப்பட்ட அவ்வளாகம் 1996ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. ஏறத்தாழ 295 ஏக்கர் பரப்பில் காய்கறிக்கு ஒரு பகுதி, கனிக்கு ஒரு பகுதி, மலருக்கு ஒரு பகுதி எனத் தனித்தனியே வகுக்கப்பட்டு, மூவாயிரத்திற்கு மேற்பட்ட கடைகள் அங்கு அமைந்தன. உணவுத் தானியத்திற்கும் பின்னர்த் தனி அங்காடி ஏற்பட்டது.

அவ்வங்காடியின் வாழ்வு நகரம் உறங்கும் நேரத்திலேதான் விழித்தெழுகின்றது. ஆந்திரத்திலிருந்தும் கருநாடகத்திலிருந்தும் தக்காளியும், மராட்டிய மாநிலத்தின் நாசிக்கிலிருந்து வெங்காயமும், நீலகிரியிலிருந்து காரட்டும் பீட்ரூட்டும், ஓசூர் திண்டுக்கல் வட்டாரங்களிலிருந்து மலர்களும் ஏற்றிய லாரிகள் இரவு முழுவதும் வந்த வண்ணமாயிருக்கும். வந்த சரக்கைச் சுமைதூக்கும் தொழிலாளர் தலையிலும் தோளிலும் தாங்கி மண்டிகளில் இறக்குவர். மண்டி உரிமையாளர் அதனைத் தரம் பிரித்து விலை பேசி விற்று, தமக்குரிய தரகை எடுத்துக்கொண்டு எஞ்சிய தொகையை உழவருக்கு அனுப்புவர். பொழுது புலருமுன் சிறு வணிகர் வந்து கூடுவர். மளிகைக்கடைக்காரர், தள்ளுவண்டிக்காரர், கூடையில் கீரை சுமந்து விற்கும் மூதாட்டியர், உணவு விடுதிக்குச் சரக்கு எடுப்போர் எனப் பல திறத்தாரும் அங்கே நெருங்கி நிற்பர். விடிந்தபின் நகரத்து இல்லங்களில் அடுப்பு மூட்டும் நேரத்தில், இரவெல்லாம் கைமாறி வந்த காய்கறி அவ்வடுப்பங்கரையை அடைந்திருக்கும். உண்போர் இவ்வுழைப்பை அறிவதில்லை. அறியாமலே அதன் பயனை நாள்தோறும் பெறுகின்றனர்.

இந்நிலையில் 2019ஆம் ஆண்டின் இறுதியில் சீன நாட்டின் ஊகான் நகரில் புதியதொரு நோய் கண்டறியப்பட்டது. கொரோனா என்னும் நச்சுயிரியின் புதுவகை ஒன்றால் உண்டாகிய அந்நோய் சில திங்களுக்குள் கடல் கடந்து கண்டங்கள் பலவற்றிலும் பரவிற்று. 2020 மார்ச்சு 11ஆம் நாளன்று உலகச் சுகாதார நிறுவனம் அதனைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. நோயுற்றவர் பேசும்போதும் இருமும்போதும் தும்மும்போதும் வெளிப்படும் நுண்துளிகளாலும், காற்றோட்டம் குன்றிய இடங்களில் மிதந்து நிற்கும் மிகச் சிறிய துகள்களாலும் அந்நோய் பரவக்கூடியது. நோயின் குறிகள் தோன்றுவதற்கு முன்னரே ஒருவர் பிறருக்கு அதனைத் தந்துவிடக் கூடும். சிலருக்குக் குறிகள் தோன்றாமலே போவதும் உண்டு. பகைவன் எதிரே வந்தால் விலகிச் செல்லலாம். நண்பன் மூச்சிலே பகை ஒளிந்திருந்தால் யாரை விலக்குவது? இதுவே அந்நோயின் கொடுமை.

வாணிகம் செல்லும் வழியிலேயே கொள்ளைநோயும் செல்லும் என்பது வரலாறு கண்ட உண்மை. 1377ஆம் ஆண்டிலேயே ஏட்ரியாட்டிக் கடற்கரையில் உள்ள ரகூசா என்னும் துறைமுக நகரத்தார், நோயுள்ள ஊர்களிலிருந்து வருவோர் முப்பது நாள் ஒதுங்கியிருந்த பின்னரே நகருக்குள் வரலாம் என்று விதித்தனர். இந்தியாவில் 1896ஆம் ஆண்டில் பம்பாயில் பிளேக் நோய் பரவியபோது, அதனை அடக்குவதற்காக 1897ஆம் ஆண்டில் கொள்ளைநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. நூற்றாண்டு கடந்த அப்பழஞ்சட்டம் 2020ஆம் ஆண்டிலும் துணைக்கு அழைக்கப்பட்டது. மருந்தும் தடுப்பூசியும் கிட்டாத காலத்தில் மனிதன் கைக்கொள்ளத்தக்க முறை ஒன்றே. அஃதாவது ஒருவரை ஒருவர் நெருங்காதிருத்தல்.

அம்முறையே இங்கும் மேற்கொள்ளப்பட்டது. 2020 மார்ச்சு 22ஆம் நாள் நாடெங்கும் ஒருநாள் ஊரடங்கு நடைபெற்றது. மார்ச்சு 24ஆம் நாள் மாலை 6 மணி முதல் தமிழ்நாட்டில் தடையாணை பிறந்தது. மறுநாள் முதல் 21 நாட்களுக்கு இந்தியா முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. பின்னர் அது பன்முறை நீட்டிக்கப்பட்டது. துணிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை, முடிதிருத்தகம், தேநீர்க்கடை ஆகிய யாவும் அடைபட்டன. மருந்து, பால், மளிகை, காய்கறி ஆகிய இன்றியமையாப் பொருள்களை விற்கும் கடைகள் மட்டும் திறந்திருந்தன. தீபாவளிக்கு முன்னாளில் தோளோடு தோள் உராயாமல் நடக்க இயலாத தியாகராய நகர்த் தெருக்களிலே காக்கைகள் இறங்கி நடந்தன.

காய்கறி இன்றியமையாப் பொருளாதலின் கோயம்பேடு அங்காடி மூடப்படவில்லை. மற்ற இடங்கள் எல்லாம் வெறிச்சோடிக் கிடக்க, அங்கு மட்டும் கூட்டம் குறையவில்லை. ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரை ஆகிய மாநகரங்களில் இன்னும் கடுமையான ஊரடங்கு நடைபெறும் என்ற அறிவிப்பு வெளிவந்தது. நான்கு நாட்களுக்கு வேண்டியவற்றை முன்னரே வாங்கி வைத்துக்கொள்ள விரும்பிய மக்கள், அதற்கு முந்திய நாளில் கடைகளை நோக்கி அலையலையாகத் திரண்டனர். கூட்டத்தைத் தடுக்க எண்ணி இட்ட ஆணையே கூட்டத்தைத் திரட்டுவதாக முடிந்தது. அணையை ஒருங்கே அடைத்தாலும், அடைத்ததை ஒருங்கே திறந்தாலும் வெள்ளம் கரையை உடைக்கும் என்பது உழவன் அறிந்த செய்தி. கூட்டத்திற்கும் அஃது பொருந்தும்.

ஏப்ரல் திங்களின் இறுதியில் அங்காடியில் வாணிகம் செய்தோர்க்கும் சுமை தூக்கியோர்க்கும் நோய் கண்டது. மே 5ஆம் நாள் அங்காடி அடைக்கப்பட்டது. வேலை இழந்த தொழிலாளர் பலர் லாரிகளிலும் கிடைத்த வண்டிகளிலும் ஏறிக் கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் முதலிய மாவட்டங்களிலுள்ள தம் சிற்றூர்களுக்குத் திரும்பினர். அவர்களுள் பலர் தம்மை அறியாமலே நோயையும் உடன் கொண்டு சென்றனர். சில நாட்களில் அவ்வங்காடியோடு தொடர்புற்று நோய் கண்டோர் தொகை ஈராயிரத்தைக் கடந்தது.

இஃது யாருடைய குற்றம்? கூடையைத் தலையில் சுமந்து கூலி பெறுபவன் ஆறடி விலகி நின்று மூட்டை இறக்க இயலுமா? ஒரு மூட்டையை இருவர் தூக்கும்போது இருவர் மூச்சும் கலத்தல் தவிர்க்கக் கூடியதா? நெருக்கமான அறை ஒன்றில் பலர் கூடி உறங்கும் நிலையில், ஒருவர் நோய் மற்றவரை அணுகாதிருக்குமா? அங்காடியின் அமைப்பும் தொழிலின் இயல்புமே நோய்க்கு வழி வகுத்தன. ஆயினும் அந்நாட்களில் சிலர் ஊர் திரும்பிய தொழிலாளரை அச்சத்தோடும் வெறுப்போடும் நோக்கினர். கோயம்பேட்டிலிருந்து வந்தவர் என்ற சொல்லே ஒரு பழியாக மாறிற்று. நகரம் வீட்டிற்குள் இருந்தபோது அதற்கு உணவூட்டுவதற்காக வெளியே நின்றவர் அவர். அவருக்கு நன்றி சொல்ல வேண்டிய நேரத்தில் பழி சொல்லுதல் அறமாகாது.

அங்காடி அடைபட்டதன் துன்பம் நகரத்தோடு நிற்கவில்லை. ஒரு பெரிய சந்தை மூடினால் அதன் வலி நூறு சிற்றூர்களின் வரப்பில் தெரியும். நெல்லையாவது குதிரில் கொட்டி வைக்கலாம். பறித்த தக்காளியைப் பத்து நாள் வைத்திருக்க இயலுமா? கோயில்களின் கதவு அடைபட்டது. திருமணங்கள் சிலரோடு நடந்தன. ஆகவே மல்லிகையையும் சாமந்தியையும் வாங்குவார் இலர். பறிக்கும் கூலிக்கும் விலை கட்டாமையால் செடியிலேயே மலர்கள் வாடின. ஒருபுறம் வயலில் காய் அழுக, மறுபுறம் நகரில் அதன் விலை ஏறிற்று. விளைவித்தவனும் இழந்தான்; வாங்கியவனும் இழந்தான். இடையே இருந்த பாலம் முறிந்ததே காரணம்.

நோய்க்கு அஞ்சி அங்காடியை மூட வேண்டும். பசிக்கு அஞ்சி அதனைத் திறக்கவும் வேண்டும். இவ்விரு அச்சங்களுக்கும் இடையே அரசினர் ஒரு வழி கண்டனர். சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் திருமழிசை என்னும் ஊர் உள்ளது. திருமழிசை ஆழ்வார் அவதரித்த தலமாகப் போற்றப்படும் அவ்வூரின் அருகே இருந்த வெளியில், மே திங்களின் இரண்டாம் வாரத்தில் தற்காலிகக் காய்கறி அங்காடி ஒன்று அமைக்கப்பட்டது. தகரக் கூரையிட்ட ஏறத்தாழ இருநூறு கடைகள் இடைவெளி விட்டு எழுந்தன. கனி வாணிகம் மாதவரத்திற்கும், மலர் வாணிகம் வானகரத்திற்கும் மாற்றப்பட்டன. ஒரே இடத்தில் குவிந்திருந்த கூட்டம் இவ்வாறு பல இடங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது.

திறந்த வெளியாதலின் திருமழிசையில் காற்று தாராளமாக உலவிற்று. நோய்த் தடுப்பிற்கு அது நன்மையே. ஆனால் வாணிகத்திற்கு வேண்டிய வசதிகள் அங்கே குறைவு. விற்காத சரக்கைப் பாதுகாக்கும் கிடங்கு இல்லை. மழை பெய்தபோது நிலம் சேறாயிற்று, நீர் தேங்கியது, லாரிகளின் சக்கரம் புதைந்தது, மூட்டைகள் நனைந்து காய்கள் அழுகின. நகரினின்றும் தொலைவு மிகுந்ததால் சிறு வணிகர்க்கு வண்டி வாடகையும் மிகுந்தது. ஆயினும் அத்தனை இடர்களுக்கிடையேயும் நாள்தோறும் காய்கறி நகரை வந்தடைந்தது. குறையுள்ளதாயினும் ஒரு வழி இருத்தல், வழியே இல்லாதிருப்பதினும் மேல் அன்றோ?

இதற்கிடையே நகரிலும் ஊர்களிலும் மற்றக் கடைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கலாயின. எல்லாக் கடைகளையும் ஒரே நாளில் திறந்துவிடாமல், ஒவ்வொரு தொழிலின் தன்மையையும் எண்ணி முறை வகுத்தனர். மே 11ஆம் நாள் முதல் பலவகைச் சிறு கடைகள் திறக்க இசைவு கிடைத்தது. தேநீர்க்கடையும் அன்றே திறந்தது. ஆனால் அங்கே நின்று பருகுதல் ஆகாது. பொட்டலமாகவோ பாத்திரத்திலோ வாங்கிச் செல்லலாம். தேநீர்க்கடை என்பது தேநீர் விற்கும் இடம் மட்டுமன்று. செய்தித்தாளைப் பிரித்து நாட்டு நடப்பை அலசும் ஊர் மன்றமும் அதுவே. பெஞ்சு இல்லாத தேநீர்க்கடை பாதிக் கடையே. எனினும் பாதியாவது திறந்தது என்று மக்கள் மகிழ்ந்தனர்.

முடிதிருத்தும் தொழிலோ இன்னும் நுட்பமானது. விலகி நின்று சோறு பரிமாறலாம். விலகி நின்று முடி திருத்த முடியாது. ஆகவே முடிதிருத்தகங்கள் மே 19ஆம் நாள் முதலில் சிற்றூர்களில் திறக்கப்பட்டன. பின்னர் மற்ற நகரங்களில் திறக்கப்பட்டன. சென்னை அதன்பின் முறை பெற்றது. வருவோர் பெயரையும் முகவரியையும் ஏட்டில் குறித்து வைக்குமாறு கடைக்காரர் பணிக்கப்பட்டனர். ஒருவருக்கு நோய் கண்டால் அவரோடு பழகியவர் யாவர் என்று தேடி அறிவதற்கு அவ்வேடு உதவும். உணவு விடுதிகளில் அமர்ந்து உண்பதற்கு ஜூன் 8ஆம் நாள் இசைவு பிறந்தது. இருக்கைகளில் பாதியே நிரம்பலாம் என்பது விதி. பெரிய கடைகளில் குளிரூட்டும் கருவியை இயக்கலாகாது என்றனர். அடைத்த அறையில் ஒரே காற்று சுழன்று வருதல் நோய்க்குத் துணை செய்யும் என்பது அதன் காரணம்.

திறந்த கடைகள் எல்லாம் திறந்தபடியே நிற்கவும் இல்லை. சென்னையிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் நோய் பெருகவே, ஜூன் 19ஆம் நாள் முதல் மீண்டும் முழு ஊரடங்கு வந்தது. ஜூலை 6ஆம் நாள் தளர்வு பிறந்தது. ஜூலை, ஆகஸ்டுத் திங்கள்களில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கடைகள் அடைபட்டன. கதவைத் திறந்தோர் மீண்டும் அடைத்தனர். அடைத்தோர் மீண்டும் திறந்தனர். இதனைக் கண்டு மனம் சலித்தோர் பலர். ஆயினும் ஆழம் தெரியாத ஆற்றைக் கடப்பவன் ஒரு காலை ஊன்றிப் பார்த்த பின்னரே மறுகாலை எடுத்து வைப்பான். நீர் மிகுந்தால் ஓரடி பின்வாங்குவான். அது கோழைமை ஆகாது.

கடை அடைபட்ட திங்கள்களில் சிறு வணிகர் பட்ட துன்பம் எளிதன்று. கடை பூட்டியிருந்தாலும் வாடகை நிற்பதில்லை. வாங்கிய கடனுக்கு வட்டியும் நிற்பதில்லை. வங்கிக் கடன் தவணைகளைச் செலுத்துவதற்கு அவ்வாண்டு மார்ச்சு முதல் ஆகஸ்டு வரை இந்திய ரிசர்வ் வங்கி அவகாசம் தர இசைந்தது. தெருவோர வணிகர் மீண்டும் தொழில் தொடங்க முதற்கண் பத்தாயிரம் ரூபாய் வரை கடன் அளிக்கும் திட்டத்தை ஜூன் திங்களில் நடுவணரசு ஏற்படுத்திற்று. எனினும் வங்கி வாயிலை ஒருபோதும் மிதியாதவராய், காலையில் கடன் வாங்கி மாலையில் வட்டியோடு திருப்பித் தரும் தள்ளுவண்டிக்காரர்க்கு ஒருநாள் விற்பனை நின்றாலே அடுப்பு அணையும்.

இந்நிலையில் கோயம்பேட்டைத் திறக்க வேண்டும் என்ற குரல் நாளுக்கு நாள் ஓங்கிற்று. விரைந்து திறக்க வேண்டும் என்றோர் பசியையும் கடனையும் எடுத்துக்காட்டினர். பொறுத்திருக்க வேண்டும் என்றோர் மே திங்களில் நேர்ந்ததை நினைவூட்டினர். இரு சாராரும் உண்மையே பேசினர். ஒருவர் உண்மையை மற்றவர் பொய் என்று தள்ளாமல், இரண்டையும் ஒருங்கே தராசில் இட்டுப் பார்ப்பதே நல்லாட்சியின் கடமை.

ஐந்து திங்களுக்கு அண்மையில் அங்காடி திறக்கும் நாள் வந்தது. 2020 செப்டம்பர் 18ஆம் நாள் உணவுத் தானிய அங்காடி முதலில் திறந்தது. தானியம் அழியாப் பொருள். அதனை வாங்குவோர் கூட்டமும் குறைவு. ஆதலின் அது முன்னே நிறுத்தப்பட்டது. பத்து நாட்கள் கழித்து, செப்டம்பர் 28ஆம் நாள், காய்கறி மொத்த வாணிகம் தொடங்கிற்று. அன்றும் எல்லாக் கடைகளும் திறக்கவில்லை. ஏறத்தாழ இருநூறு பெரிய கடைகளுக்கே முதற்கண் இடம் கிடைத்தது. சரக்கு வண்டிகள் வந்து செல்ல நேரம் வரையறுக்கப்பட்டது. நுழைவோர் முகக்கவசம் அணிய வேண்டும். உடல்வெப்பம் சோதிக்கப்பட வேண்டும். வீட்டுக்கு வாங்க வரும் பொதுமக்களுக்கும் சில்லறை வாணிகத்திற்கும் இசைவு இல்லை. மாதக் கணக்கில் இருண்டு கிடந்த கடைகளில் மீண்டும் விளக்கு எரிந்தது. தூசு படிந்த தராசுகள் துடைக்கப்பட்டன. லாரிகளின் ஒலி மீண்டும் கேட்டது. நவம்பர்த் திங்களில் கனி அங்காடியும், சிறு காய்கறிக் கடைகளும் படிப்படியே திறந்தன.

இவ்வரிசையில் எண்ணிப் பார்க்கத்தக்க ஒன்று உண்டு. பெரிய கடை முன்னே திறந்தது. சிறிய கடை பின்னே திறந்தது. நோய்த் தடுப்பு நோக்கில் அதற்குக் காரணம் இருந்தது. சிறு கடைகளையே கூட்டம் நாடும் என்பது உண்மை. ஆனால் கையில் முதல் உள்ளவன் சில திங்கள் பொறுக்கலாம். முதல் இல்லாதவன் பொறுப்பது எங்ஙனம்? மிகக் குறைவாக உடையவரே மிக நீண்ட காலம் காத்திருக்க நேர்ந்தது. ஊரின் நன்மைக்காக ஒருவன் கடையை அடைத்து வைத்தால், அடைத்திருந்த காலத்தில் அவனுக்குச் சோறளிப்பது அவ்வூரின் கடன். கதவைப் பூட்டும் ஆணையும், பூட்டியவன் வீட்டு உலையை எண்ணும் அருளும் ஒன்றையொன்று பிரியாதிருத்தல் வேண்டும்.

கற்ற பாடம் வீண் போகவில்லை. 2021ஆம் ஆண்டில் நோயின் இரண்டாம் அலை முன்னையதினும் கடுமையாக எழுந்தது. மே 10ஆம் நாள் முதல் தமிழ்நாட்டில் மீண்டும் முழு ஊரடங்கு வந்தது. மே 24ஆம் நாள் முதல் மளிகைக் கடைகளும் அடைபட்டன. ஆனால் இம்முறை மக்கள் அங்காடியைத் தேடிச் செல்லாமல், அங்காடி மக்களைத் தேடி வந்தது. தோட்டக்கலைத் துறையும் உள்ளாட்சி மன்றங்களும் ஏற்பாடு செய்த வண்டிகள் தெருத்தெருவாகக் காய்கனிகளை ஏற்றி வந்தன. ஜூன் 7ஆம் நாள் முதல் கடைகள் மீண்டும் படிப்படியாகத் திறக்கப்பட்டன. அதற்குள் தடுப்பூசியும் துணைக்கு வந்திருந்தது. இந்தியாவில் 2021 ஜனவரி 16ஆம் நாள் அப்பணி தொடங்கியிருந்தது. 2023 மே 5ஆம் நாள், அஃதாவது கோயம்பேடு அங்காடி அடைபட்டு மூன்றாண்டு நிறைந்த அதே நாளில், இந்நோய் குறித்த உலக நெருக்கடி நிலை முடிவுற்றதாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

இவ்வரலாற்றினின்றும் அறிய வேண்டுவன சில உண்டு. வாணிகம் என்பது வெறும் இலாப நட்டக் கணக்கன்று; அஃது ஒருவர் உழைப்பை மற்றொருவர் வாழ்வோடு பிணைக்கும் கயிறு. அக்கயிற்றின் ஒரு முனையில் உழவனும், மறு முனையில் நகரத்துக் குழந்தையும், நடுவே சுமை தூக்குவோனும் நிற்கின்றனர். நோய் வந்த காலத்தில் அக்கயிறு ஓரிடத்தில் அறுந்தது. அறுந்தபோதுதான் அது எத்துணை பேரைத் தாங்கி நின்றது என்பது தெரிந்தது. இன்னொரு கொள்ளைநோய் எந்நாளில் வரும் என்று யாரும் கூற இயலாது. ஆனால் காற்றோட்டமும் தூய்மையும் உள்ள அங்காடிகளை இன்றே அமைக்கலாம். சரக்கைப் பாதுகாக்கும் கிடங்குகளை இன்றே எழுப்பலாம். சுமைதூக்கும் தொழிலாளர்க்கு நெருக்கமற்ற உறைவிடத்தை இன்றே அளிக்கலாம். சிறு வணிகர் இடர்க்காலத்தில் எடுத்து உண்ணச் சேமிப்பு நிதியை இன்றே தொடங்கலாம். மழை வருமுன் கூரை வேய்பவனே அறிவுடையவன்.

காலையில் கடைக்குச் சென்று காய் வாங்கும்போது, அக்காய் கடந்து வந்த நெடுவழியையும், அதனைச் சுமந்து வந்த தோள்களையும் ஒருகணம் நினைத்தல் நன்று. அந்நினைவு உள்ளத்தில் நிலைத்தால், விலை கேட்கும் குரலிலும் மரியாதை பிறக்கும். இடர் வரும் காலத்தில் உதவ நீளும் கையும் தானே எழும்.

பயிற்சி

1. பண்டைத் தமிழகத்து அங்காடிகளைப் பற்றி நீ அறிவன யாவை?
2. கோயம்பேடு அங்காடியின் இரவு நேர வாழ்வை ஒரு பத்தியில் எழுதுக.
3. அங்காடியில் நோய் பரவியதற்குத் தொழிலின் இயல்பு எவ்வாறு காரணமாயிற்று?
4. தேநீர்க்கடை, முடிதிருத்தகம், உணவு விடுதி ஆகியவற்றிற்கு வெவ்வேறு விதிகள் வகுத்ததன் காரணம் யாது?
5. “மிகக் குறைவாக உடையவரே மிக நீண்ட காலம் காத்திருக்க நேர்ந்தது.” இக்கூற்றை விளக்குக.
6. உன் ஊர்ச் சந்தையில் செய்யத்தக்க சீர்திருத்தங்களைக் குறித்து ஊராட்சி மன்றத் தலைவருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுக.